கூனி இறாலின் உணவில் கலந்த நஞ்சு



மலேசியச் சமையலறைகளில் பெலாச்சானுக்குத் தனி இடம் உண்டு. அதன் மூலப்பொருள் கூனி இறால். கூனியைவிடவும் சிறிய உயிர் கோபிபாட். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே உள்ள இதுவும் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்ததுதான். கடலில் மிதக்கும் நுண்பாசியை கோபிபாட் தின்கிறது. கோபிபாட்டை மீன்குஞ்சு தின்கிறது. பல மீன்களின் வளர்ச்சிக்கு இதுவே அடிப்படை.

ஆனால், எல்லாப் பாசியும் நல்லுணவு அல்ல. 1976இல் சபா கடலில் பைரோடினியம் என்னும் நுண்பாசி பெருகியது. அதன் நஞ்சு ஏறிய கடலுணவை உண்ட 7 பேர் உயிரிழந்தனர். சாக்சிடாக்சின் எனப்படும் அந்த நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். கொதிக்க வைத்தாலும் அழியாது.

மனிதருக்கு நேர்வது செய்தியாகிறது. கோபிபாட்டுக்கு நேர்வது யார் கண்ணிலும் படுவதில்லை. நச்சுப் பாசியைத் தின்னும் கோபிபாட்டுகள் பல உடனே சாவதில்லை. அவை இரை தின்பது குறைகிறது. இடும் முட்டைகள் குறைகின்றன. இட்ட முட்டைகளிலும் பல பொரிப்பதில்லை. அதனால் அடுத்த தலைமுறை சுருங்குகிறது. மீன்குஞ்சின் இரையும் குறைகிறது.

பாசியும் சும்மா இருப்பதில்லை. கோபிபாட் நீரில் வெளியிடும் ஒருவகை வேதிப்பொருளை உணர்ந்து, அலெக்சாண்டிரியம் என்னும் பாசி தன் நஞ்சைக் கூட்டிக்கொள்வதை 2015இல் வெளியான ஆய்வு விளக்கியது. தின்ன வருபவனுக்கு எதிரான தற்காப்பு அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் மேய்ன் கடலில் இப்பாசியோடு நெடுங்காலம் வாழ்ந்த கோபிபாட்டுகள் நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டன. பார்வைக்கு அவை நலமாகவே இருக்கும். ஆனால், உடலில் தேங்கிய நஞ்சு அவற்றைத் தின்னும் மீனுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே, சிப்பியில் மட்டும் கவனம் வைத்தால் போதாது. பிலிப்பைன்ஸ் மீன்வளத் துறையின் செந்நீர் எச்சரிக்கைகள் சிப்பியோடு கூனி இறாலையும் தடுக்கின்றன. மீனையும் நண்டையும் குடல், செவுள் நீக்கிச் சமைக்கலாம் என்கின்றன. காரணம் எளிது. விரல்நுனியளவு கூனிக்குக் குடல் நீக்க எவராலும் இயலாது. அது முழுதாகவே வாய்க்குப் போகிறது.

பாசிப் பெருக்கம் அனைத்துக்கும் மனிதர் காரணமல்ல. எனினும் கழிவுநீர், வயல் உரம், மீன் பண்ணைகளில் மிஞ்சும் தீனி ஆகியவை பாசிக்கு விருந்தாகின்றன. 2015இல் கிழக்கு ஜொகூர் நீரிணையில் பாசி பெருகியபோது சிங்கப்பூர்ப் பண்ணைகளில் 500 டன்னுக்கும் அதிகமான மீன்கள் மடிந்தன. அந்த மீன்களை எண்ண முடிந்தது. பொரிக்காமல் போகும் முட்டைகளை எண்ணுவோர் இல்லை. கடற்கரையோரக் கழிவைக் குறைப்பது, எண்ணப்படாத அந்த உயிர்களுக்கும் சேர்த்துச் செய்யும் காவல்.