கூச்சம் வேண்டாம் பெண்ணே

கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு, மார்பகத்தைத் தாங்களே பரிசோதிப்பது பற்றிய தகவல் இது. மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் மார்பு இளகியிருக்கும். அப்போது நடு மூன்று விரல்களின் உட்பகுதியால் மெல்ல வட்டமாக அழுத்திப் பாருங்கள், அக்குளையும் விட்டுவிடாதீர்கள். கட்டி தட்டுப்பட்டால் பதற வேண்டாம். இளவயதில் வருபவை பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டிகளே. ஆனால் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கூகுள் அல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீனாவின் ஷாங்காயில் 2,66,000 பஞ்சாலைப் பெண்களிடம் நடந்து, 2002இல் வெளியான ஆய்வில், இந்தச் சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்தது மார்பகப் புற்றுநோய் மரணங்களைக் குறைக்கவில்லை. இருந்தாலும், தன் உடலின் இயல்பு தெரிந்தவளுக்குத்தானே மாற்றமும் தெரியும்? காம்பில் இரத்தக் கசிவோ, தோலில் குழிவோ கண்டால், அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.