பிள்ளை பிறந்த பிறகும் பிரஷரைப் பாருங்கள்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் பேச்சை நீட்ட மாட்டோம். இன்றைக்குப் பேச வந்தது, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வருகிற பிரஷரைப் பற்றி. ஆம்பிளைகள் எல்லோரும் வாசல் பக்கம் நிற்கிறீர்கள். உள்ளே வந்து உட்காருங்கள். இது பொம்பளைகள் சமாச்சாரம் என்று நீங்கள் நழுவிப் போனால் இந்தக் கூட்டத்தில் பாதிப் பிரயோசனம் போய்விடும். நடுச்சாமத்தில் வண்டி பிடிக்க ஓடுகிறவர் நீங்கள்தானே.

நம்மில் கன பேருக்கு மட்டக்களப்புப் பக்கம் சொந்தம் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் வன்னிக்கும் போயின, மட்டக்களப்புக்கும் போயின. அங்கே பேரப்பிள்ளை கண்டவர்களும் இருக்கிறார்கள். நாங்களும் அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள்தான். அந்த ஊரைப் பற்றி ஒரு விசயம் சொன்னால் நமது விசயம் லேசாக விளங்கும்.

மட்டக்களப்பு வாவி அந்தப் பிரதேசத்தை இரண்டாகப் பிரித்துக் கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. பெரிய ஆஸ்பத்திரி, களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி, மெயின் ரோட்டு எல்லாம் எழுவான்கரையில். வயலும் குடியிருப்பும் பரந்து கிடப்பது படுவான்கரையில். மண்முனைத் துறையில் பாலம் திறந்தது 2014ல்தான். அதுவரைக்கும் ‘பாதை’யில்தான் வாவியைக் கடக்க வேண்டும். அங்கே பாதை என்றால் நாம் நடக்கிற பாதை அல்ல. ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற தட்டைப் படகு. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கர்ப்பிணிக்கு இரவில் வலிப்பு வந்தால், வண்டி கிடைத்தாலும் துறையில் வந்து பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். சண்டைக் காலத்தில் அந்த இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அவர்களுக்கு வாவி. நமக்கு மலை. மேல்கணக்கிலிருந்து கர்ப்பிணியை றோட்டுக்கு இறக்குவதற்குள் விடிந்துபோன கதை இந்த மடுவத்தில் இருக்கிறவர்களுக்கே தெரியும். தூரத்தில் இருக்கிறவர்கள் நேரத்தோடு புறப்பட வேண்டும். அதற்கு எது ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் பேச வந்ததே அதற்காகத்தான்.

இந்தப் பிரஷர் ஏன் வருகிறது? கோபத்தாலோ, கூடுதலாக யோசிப்பதாலோ வருவதில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிற நச்சுக்கொடி தொடக்கத்தில் கர்ப்பப்பையில் சரியாக வேர் பிடிக்காமல் போனால், அதிலிருந்து சில பொருட்கள் தாயின் இரத்தத்தில் கலந்து இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. அதனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பிரஷர் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம். பிள்ளைக்கும் சாப்பாடு குறைந்து வளர்ச்சி தேயும். மூளையைத் தாக்கும்போதுதான் வலிப்பு வருகிறது. மேலே 140, கீழே 90, இதில் எந்த ஒன்று வந்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும். 160, 110 என்றால் அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

இதில் பெரிய சூது என்னவென்றால், பிரஷர் ஏறினது அவளுக்கே தெரியாது. நல்லாத்தான் இருப்பாள், மலைக்கும் போவாள். ‘எனக்கு ஒண்ணும் செய்யல, கிளினிக் எதுக்கு, ஒரு நாள் பேர் போயிரும்’ என்பாள். கையில் பட்டி கட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் பிரஷரும் சிறுநீரும் பார்க்கிறார்கள். சும்மா சடங்குக்குப் பார்ப்பதில்லை. கால் வீக்கம் கர்ப்பிணிகள் நிறையப் பேருக்கு வரும். ஆனால் முகமும் கையும் திடீரென்று ஊதினால், மோதிரம் கழராவிட்டால், சொல்லிவிடுங்கள்.

உப்பைக் குறைத்தால் இது வராது என்று சிலர் நினைக்கிறார்கள். கருவாட்டையும் உப்பையும் அளவோடு சாப்பிடுவது எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் உப்பை விட்டதால் இந்த நோய் தடைப்படாது. கிளினிக்கில் கொடுக்கிற கல்சியம் குளிசைதான் இதற்கு உதவி செய்யும். அதையும் இரும்புச் சத்துக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம். இரும்புச் சத்துக் குளிசையைச் சாயத்தண்ணியோடு குடிக்கவும் வேண்டாம். நாம் பறிக்கிற கொழுந்தே அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. முந்தின பிரசவத்தில் பிரஷர் இருந்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், சீனி வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள், பிள்ளை தங்கினது தெரிந்தவுடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்படியானவர்களுக்கு மூன்றாம், நாலாம் மாதத்திலேயே சிறிய அளவு அஸ்பிரின் தொடங்குவார்கள். ஆறாம் மாதத்தில் போய்ச் சொன்னால் அந்த உதவி கிடைக்காது.

இனித்தான் முக்கியமான பகுதி. பிள்ளை பிறந்ததும் நாம் என்ன நினைக்கிறோம்? ‘பெத்துப் பிழைச்சிட்டா, இனிப் பயமில்லை.’ அதுதான் பிழை. நச்சுக்கொடி வெளியே வந்தவுடனே நோய் அறுந்துபோவதில்லை. உடம்பில் தேங்கின நீர் இரத்தத்துக்குத் திரும்புவதால், பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைக்கும்தான் பிரஷர் கூடுதலாக ஏறும். அப்போது அவள் எங்கே இருக்கிறாள்? சுகப்பிரசவம் என்றால் ஓரிரு நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். லயத்துக் காம்பிராவில், ஜன்னலை மூடி, காதில் பஞ்சு வைத்துப் படுத்திருக்கிறாள். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவளுக்கும் அந்த வாரத்தில் புதிதாக வரலாம். ஆறு கிழமை வரைக்கும் கவனம் வேண்டும்.

வாவிக் கரையில் வயதான தாய்மார் இதைச் ‘சன்னி’ என்பார்கள். நமது பாட்டிமாரும் ஜன்னி கண்டது என்றே சொல்வார்கள். பச்சை உடம்பில் குளிர் ஏறினது, பேய் பார்த்தது என்று நூல் கட்டுவது இரண்டு இடத்திலும் உண்டு. துடக்குக் கழியாமல் வெளியே எடுக்கக் கூடாது என்று அங்கே. தீட்டு என்று இங்கே. தலையிடி என்றால் இரண்டு பனடோலைக் கொடுத்து, ‘மறுகா பார்ப்பம்’ என்கிறார்கள் மட்டக்களப்பில். ‘அப்புறமா பாத்துக்கலாம்’ என்கிறோம் நாம். சொல்தான் வேறு.

சரக்கு அரைத்துக் கறி வைப்பதையும் பத்தியத்தையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அது பெற்றவளுக்குச் செய்கிற அன்பு. ஆனால் பத்தியம் என்று சொல்லி ஆஸ்பத்திரி கொடுத்த பிரஷர் குளிசையை நிறுத்தக் கூடாது. டாக்டர்மார் பால் கொடுக்கிற தாய்க்கு ஏற்ற மருந்தாகத்தான் தருகிறார்கள். அவர்கள் சொல்லும் வரைக்கும் குடிக்க வேண்டும். பனடோல் போட்டும் விடாத தலையிடி, கண் மங்கல், கண்ணுக்கு முன்னால் மின்னுவது, நெஞ்சுக்குக் கீழே வலது விலாப் பக்க நோவு, வாந்தி, மூச்சு முட்டுவது: இதில் ஒன்று வந்தாலும் தீட்டும் பார்க்க வேண்டாம், நேரமும் பார்க்க வேண்டாம். 1990க்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016ல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, இப்போது நாடு முழுதும் ஓடுகிறது. ஒரு சதமும் வாங்குவதில்லை. வண்டி வர முடியாத லயம் என்றால் எந்த இடத்துக்குத் தூக்கி வருவது என்று வீட்டுக்காரர் இப்போதே யோசித்து வைக்க வேண்டும்.

வலிப்பே வந்துவிட்டால் இடது பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்பு கொடுக்கிற நேரத்தை வண்டி பிடிப்பதில் செலவழியுங்கள். ஆஸ்பத்திரியில் மக்னீசியம் சல்பேற் என்ற ஊசி மருந்து இருக்கிறது. 33 நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட தாய்மாரைச் சேர்த்து இந்த மருந்தைச் சோதித்துப் பார்த்து 2002ல் முடிவு சொன்னார்கள்: வலிப்பு பாதிக்கு மேல் குறைகிறது. விலை கூடிய மருந்தும் அல்ல. அது இருக்கிற இடத்துக்கு நாம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

1930களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிள்ளைகள் பிறந்தால் 2,000 தாய்மாருக்கு மேல் செத்தார்கள். அண்மைய வருசங்களில் அது 30, 40 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. மருத்துவமாதுமார் வீடு வீடாக ஏறி இறங்கினதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாளுக்குள் மிஸ்ஸி இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். வந்ததும் பிள்ளையை மட்டும் காட்டாதீர்கள். ‘மிஸ்ஸி, எனக்கும் பிரஷர் பாருங்க’ என்று தாய் கையை நீட்ட வேண்டும். மாமியார்மாரே, நீங்கள் சொன்னால் அவள் நீட்டுவாள்.

சம்பளம் போய்விடும் என்ற பயம் இருக்கிறவர்களுக்கு: 1939ம் வருசத்து மகப்பேற்று நன்மைகள் சட்டம் தோட்டத்துக்கும் உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் லீவு 84 நாள். கணக்கு விளங்காதவர்கள் எங்களிடம் வாருங்கள்.

இப்போது மிஸ்ஸி பிரஷர் மெஷினோடு அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் கைப்பிள்ளைக்காரிகள் வாருங்கள், பிறகு கர்ப்பிணிகள். கர்ப்பிணி அட்டையை வீட்டில் விட்டு வந்தவர்கள் யாரையாவது அனுப்பி எடுத்து வரச் சொல்லுங்கள். வரும்வரை நாங்கள் இருப்போம்.