பெட்ரோல் முள் சொல்லும் பொய்

(மாதாப்பூரில் நடந்த மாதாந்திர அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "இந்த மாதம் நீங்கள்தான் பேச வேண்டும், தலைப்பு உங்கள் இஷ்டம்" என்றார். "பெட்ரோல் முள்ளைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "உபந்யாசத்துக்கும் காபிக்கும் நடுவில் இருபது நிமிஷம்தான் மாமா" என்றார். அந்த இருபது நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் தொழிற்சாலைகளில் அளவுக் கருவிகளோடுதான் குப்பை கொட்டினேன். பிரஷர் கேஜ், லெவல் கேஜ், தெர்மாமீட்டர் எதுவானாலும் அதை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். அப்படிப்பட்டவன் வீட்டுக் காரிலேயே ஒரு பொய் முள் இரண்டு வருஷம் இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நான் 1978-ல் வாங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் பெட்ரோல் முள்ளே கிடையாது. ஸீட்டுக்குக் கீழே ஒரு சிறு குமிழ் உண்டு. வண்டி இருமி, தடுமாறி நிற்கப் போகும்போது அதை 'ரிசர்வு'க்குத் திருப்புவோம். அதுவும் தீர்ந்தால் இறங்கி, ஸ்கூட்டரை ஒருபக்கமாகச் சாய்த்து, அடியில் தங்கிய பெட்ரோலை கார்புரேட்டருக்கு வரவழைத்து, மறுபடி உதைப்போம். சம்சாரமும் குழந்தையும் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முள் இல்லாததால் நாமே கணக்கு வைத்துக்கொண்டோம். முள் வந்தது, கணக்குப் போடும் பழக்கம் போயிற்று.

இந்த முள் எப்படி வேலை செய்கிறது? விஷயம் எளிது. டாங்கினுள் ஒரு மிதவை. அதோடு ஒரு கம்பி. மிதவை ஏறி இறங்கும்போது கம்பியின் நுனி ஒரு மின்தடைப் பட்டையின் மேல் தேய்ந்து நகரும். தடை மாற மாற மின்சாரத்தின் அளவு மாறும். அதைப் பார்த்து முன்னால் முள் நகரும், அல்லது கட்டங்கள் எரியும். நம் ஊர்க் கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிக்கு மிதவையும் கயிறும் கட்டி வெளியே அளவு காட்டுவார்களே, அதன் தம்பிதான் இது.

ஆக, இது லிட்டரை அளப்பதில்லை. ஓர் இடத்தில் மட்டத்தின் உயரத்தைத்தான் பார்க்கிறது. கோளாறெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. பின் ஸீட்டுக்கு அடியிலும் மற்ற பாகங்களுக்கு இடையிலும் டாங்கை நுழைத்து வைப்பதால் அதன் உருவம் கோணல்மாணல். உயரம் பாதி என்றால் பெட்ரோலும் பாதி என்று அர்த்தமில்லை. தவிர, டாங்க் நிரம்பியிருக்கையில் மிதவை மேலே முட்டிக்கொண்டு நிற்கும். ஐந்தாறு லிட்டர் செலவானாலும் முள் அசையாது. "பாதி வரை மெதுவாக இறங்குகிறது, அப்புறம் கடகடவென்று விழுகிறது" என்று நாம் புலம்புவதன் காரணம் இதுதான்.

அடுத்தது சரிவு. மாதாப்பூர் பாறையும் மேடுமான பூமி. 1998-ல் சைபர் டவர்ஸ் வந்த பிறகு கட்டடங்கள் எழும்பின, ஆனால் மேடு பள்ளம் எங்கும் போகவில்லை. ஏற்றத்தில் நிறுத்திய வண்டியில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கும், முள் ஒன்று சொல்லும். சமதரையில் வேறு சொல்லும். ஓடும்போது பெட்ரோல் அலைமோதும் என்பதால் முள் ஆடாமலிருக்க அதை வேண்டுமென்றே மந்தமாகச் செய்திருப்பார்கள். அதனால் அது காட்டுவது எப்போதும் கொஞ்சம் பழைய சேதி. முள் 'இ' என்ற எழுத்தைத் தொட்ட பிறகும் கொஞ்சம் பெட்ரோல் மிஞ்சுமாறு வைப்பதும் உண்டு. இது நம் நன்மைக்காகச் சொல்லும் பொய்.

இவையெல்லாம் பிறவிக் குணங்கள். இவற்றோடு வாழலாம். வயதாகி வரும் கோளாறு வேறு. தேய்ந்து தேய்ந்து அந்தத் தடைப் பட்டை பழுதாகும். பெட்ரோலில் உள்ள அசுத்தமும் கெடுக்கும். 2004-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா, லூயிசியானா மாநிலங்களில் கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, மிதவைக் கருவியிலுள்ள வெள்ளித் தொடுமுனைகள் கெட்டு, ஏராளமான கார்களின் முட்கள் பொய் சொல்ல ஆரம்பித்தன.

என் அனுபவத்தில் பழுதான கருவிகள் மூன்று ஜாதி. முதலாவது, செத்த கருவி. ஒன்றும் காட்டாது. நாமும் ஜாக்கிரதையாக இருப்போம். இரண்டாவது, தெரிந்த பிழை. பத்து நிமிஷம் வேகமாக ஓடும் சுவர்க் கடிகாரம் மாதிரி, கழித்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் அபாயம். நம்பும்படியாகப் பொய் சொல்லும், பார்ப்பவருக்கோ அது பொய் என்று தெரியாது.

ஆகாயத்திலிருந்து இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று எரிபொருள் காட்டிகள் வேலை செய்யாத நிலையிலேயே புறப்பட்டது. அது எல்லோருக்கும் தெரியும். அதனால் டாங்கை நேரடியாக அளந்து கணக்குப் போட்டார்கள். கனடா பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். லிட்டரை கிலோவாக்க 0.8 ஆல் பெருக்குவதற்குப் பதில் பவுண்டுக்கான 1.77 ஆல் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. கேப்டன் ராபர்ட் பியர்ஸன் எஞ்சின் இல்லாமலேயே விமானத்தைச் சறுக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

இரண்டாவது, 2005 ஆகஸ்ட் 6. டுனீசியா நாட்டு டுனின்டர் நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம். பழுதான எரிபொருள் காட்டியை மாற்றும்போது, ஏடிஆர் 42 என்ற சிறிய விமானத்துக்கான காட்டியைப் பொருத்திவிட்டார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டாங்க் காலியாகிக்கொண்டிருக்க, காட்டியோ நிறைய இருப்பதாகச் சொன்னது. ஸிஸிலித் தீவுக்கருகே கடலில் இறங்கியது விமானம். 39 பேரில் 16 பேர் மாண்டார்கள். அந்த விமானிகளுக்குக் கருவி பொய் சொல்கிறது என்று சொல்ல யாருமில்லை.

இனி என் வீட்டுக் கதை. எங்கள் காரின் முள் கால் டாங்குக்குக் கீழே இறங்காமல் அங்கேயே நிற்க ஆரம்பித்தது. மிதவைக் கருவி பெட்ரோல் பம்ப்போடு சேர்ந்த ஒரே உருப்படி, முழுசாக மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் ஒரு தொகை சொன்னார். முள்ளுக்கு இவ்வளவா என்று எனக்கு மனசு வரவில்லை. அளவுக் கருவி ஆசாமியல்லவா நான்! ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். டாங்க் நிரப்பிய தேதி, லிட்டர், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

2016-ல் நான் ஒரு பூணூல் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தேன். அத்திம்பேர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பிள்ளை வெளிநாட்டில். விடியற்காலை நாலு மணிக்கு அத்திம்பேருக்கு மூச்சுத் திணறல். என் மாட்டுப்பெண் அவரையும் அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். முள்ளைப் பார்த்தாள், கால் டாங்க் இருந்தது. போதும் என்று நினைத்தாள். பெத்தம்மா கோவில் பக்கம் போகும் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. தெருவில் ஈ காக்கை இல்லை.

ஸவாரி இல்லாமல் வந்த ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தினார். "பயபடொத்தம்மா" என்று சொல்லி, அத்திம்பேரைத் தாங்கி ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு இறக்கினார். கூலி கேட்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். பகவத் கிருபை, அத்திம்பேருக்குச் சதாபிஷேகமும் ஆகிவிட்டது.

நான் திரும்பி வந்ததும் மாட்டுப்பெண் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, தினம் நோட்டுல எழுதறேளே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

அன்றுதான் எனக்கு உறைத்தது. என்னைப் பொறுத்தவரை அந்த முள் இரண்டாவது ஜாதி, தெரிந்த பிழை. அவளைப் பொறுத்தவரை மூன்றாவது ஜாதி. ஒரே முள்தான். வித்தியாசம், நான் வாய் திறக்காதது. மறுநாளே கருவியை மாற்றினேன்.

ஆகவே சில யோசனைகள்.

1. டாங்க் நிரம்பப் போட்டு, அடுத்த முறையும் நிரம்பப் போட்டு, ஓடிய தூரத்தை இரண்டாம் தடவை போட்ட லிட்டரால் வகுங்கள். உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் அதுதான்.

2. எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். முள்ளின் குணம் தெரியும். புத்தகத்தில் சொன்னதைவிடச் சற்று அதிகம் பிடித்தால் உடனே பங்க்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். குழாயின் கழுத்திலும் ஆவிக்காக விட்ட இடத்திலும் கொஞ்சம் ஏறும். நிஜமாகச் சந்தேகம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அது நம் உரிமை.

3. வயதானவர்கள் உள்ள வீட்டில் கால் டாங்கையே பூஜ்யமாக நினையுங்கள். டாங்கினுள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். 2024 ஜனவரி 2 அன்று லாரி ஓட்டுநர் போராட்டத்தின்போது நம் ஹைதராபாத் பங்க்குகளில் நின்ற வரிசை ஞாபகமிருக்கும். சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவன் சஞ்சல்குடா பக்கம் குதிரையில் போனான். சேத்தக் என்பது ராணா பிரதாப்பின் குதிரை பெயர்தானே என்று சிரித்துக்கொண்டேன். அன்று முக்கால் டாங்க் வைத்திருந்தவர்கள்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

4. அதற்காகப் பெட்ரோலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வீட்டில் வைக்காதீர்கள். அது வேறு ஆபத்து.

5. மின்சாரக் கார் வாங்கிய இளைஞர்களே, அதில் தெரியும் சதவீதமும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வைத்துப் போடும் உத்தேசக் கணக்குதான். மீதி எத்தனை கிலோமீட்டர் என்பது அதைவிட உத்தேசம்.

6. கடைசி, முக்கியமானது. வண்டியில் ஒரு கோளாறு தெரிந்தால் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டுங்கள். அந்த வண்டியை எடுக்கக்கூடிய அத்தனை பேருக்கும் சொல்லுங்கள்.

இது காருக்கு மட்டுமல்ல. வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி பத்து புள்ளி கூடக் காட்டுகிறதா? காஸ் அடுப்பின் ஒரு குமிழ் சரியாக மூடவில்லையா? பாத்ரூம் கீஸர் விளக்கு எரியாமலே சுடுகிறதா? "எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று குடும்பத் தலைவர் நெஞ்சோடு வைத்துக்கொள்வது பெருமையில்லை. நாம் ஊரில் இல்லாத ஒரு விடியற்காலையில் வேறொருவர் அதை நம்புவார்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு மட்டுமே தெரிந்த கோளாறு எது என்று. காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.