காதிரைச்சலுக்கு அக்குபங்சர்: பணம் கட்டுவதற்கு முன்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ நலக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வருபவர்களில் சிலர், "காதுக்குள் ஓயாமல் சத்தம் கேட்கிறது, அக்குபங்சர் செய்துகொள்ள உதவுங்கள்" என்கிறார்கள். கொடுப்பதா, வேண்டாமா என்று விசாரித்துப் பார்த்தோம். தெரிந்துகொண்டதை இன்று உங்களிடம் சொல்கிறோம்.

சிலருக்குச் சில்வண்டு சத்தம், சிலருக்குக் குக்கர் விசில். இஷா முடிந்து வீடு அடங்கியதும் அது பெரிதாகும், தூக்கம் போய்விடும். வேறு யாருக்கும் கேட்காததால், "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லக் கூடாது. வயதாலோ, தறி, பட்டறை போன்ற பேரிரைச்சலாலோ உட்காதின் நுண்ணிய செல்கள் பழுதாகின்றன. காதிலிருந்து வரும் தகவல் குறைந்ததும், ரேடியோவில் நிலையம் கிடைக்காதபோது நாம் வால்யூமை ஏற்றுவதுபோல மூளையும் ஏற்றுகிறது. அந்த இரைச்சல்தான் கேட்கிறது என்பது மருத்துவர்கள் தரும் முக்கிய விளக்கம்.

அக்குபங்சரால் நிம்மதி கிடைத்தது என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நாம் கருதவில்லை. ஆனால் இந்த இரைச்சல் தானாகவே கூடும், குறையும். கூடியபோது வைத்தியரிடம் போகிறோம். குறைந்ததும் ஊசிதான் காரணம் என்று நினைக்கிறோம். அதனால்தான் ஆய்வாளர்கள் உண்மை ஊசியையும் போலி ஊசியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அக்குபங்சர் பற்றிய 6 ஆய்வுகளை 2000-ம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தவர்கள், பலன் நிரூபணமாகவில்லை என்றார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல், அக்குபங்சரைச் செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதே வழிகாட்டுதல் உறுதியாகச் சொல்வது வேறு: செவித்திறன் பரிசோதனை, கேட்கும் திறன் குறைந்திருந்தால் செவித்துணைக் கருவி, மனம் துவளாமல் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. இரவில் மின்விசிறி போன்ற மெல்லிய ஓசை இருந்தாலும் பலருக்கு ஆறுதல்.

சில அறிகுறிகளில் தாமதம் ஆகாது. ஒரு காதில் மட்டும் சத்தம், நாடித் துடிப்போடு சேர்ந்த சத்தம், தலைசுற்றல் இருந்தால் உடனே காது மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே ஓடுங்கள். அங்கே சில நாள் தாமதம்கூடக் கேட்கும் திறனைப் பறித்துவிடலாம். அந்த நாட்களை ஊசிக்குச் செலவிட்டுவிடக் கூடாது.

ஆகவே, முதலில் செவித்திறன் பரிசோதனைக்கும் தேவைப்பட்டால் கருவிக்கும் உதவுவது என்று முடிவு செய்துள்ளோம். அதன்பிறகு சொந்தச் செலவில் அக்குபங்சர் செய்துகொள்பவர்களைத் தடுக்க மாட்டோம். ஆனால் உங்கள் கண்முன்னே பிரித்த புதிய ஊசியாக இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். எத்தனை தடவை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பலன் தெரியாவிட்டால் அத்தோடு விடுங்கள். நகையை அடகு வைத்துத் தொடர வேண்டாம்.

வீட்டில் அத்தாவோ உம்மாவோ காதில் சத்தம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த நாளே அரசு மருத்துவமனையின் காதுப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனை அறிக்கையோடு நம்மிடம் வாருங்கள். வஸ்ஸலாம்.