நிரல் எழுதும் தம்பி தமிழும் எழுதுகிறான்



'இன்றைய இளைஞருக்கு எழுத்து எதற்கு?' இதுதான் எனக்குத் தரப்பட்ட கேள்வி. நான் பொதுமக்கள் தொடர்பியலில் டிப்ளோமா படித்தவள். கணினி நிரல் ஒரு வரிகூடத் தெரியாது. தெரிந்தவன் என் தம்பி. கோலாலம்பூரில் நிரலாளராக வேலை செய்கிறான். இரவு எத்தனை மணிக்கு வீடு வந்தாலும் அன்று கற்றதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதாமல் படுக்கமாட்டான். ஏன் என்று கேட்டேன். அவன் சொன்னதையே உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் காரணம் வயிற்றெரிச்சல். மூன்று ஆண்டுகள் அவன் உழைத்த மென்பொருள், திட்டம் கைவிடப்பட்டதும் ஒரே நாளில் இல்லாமல் போனது. நிரல் நிறுவனத்தின் சொத்து. வீட்டுக்கு எடுத்து வர முடியாது. தச்சர் தாம் செய்த நாற்காலியைப் பிள்ளைக்குக் காட்டலாம். இவன் எதைக் காட்டுவான்? "கத்துக்கிட்டதாவது என்கிட்ட மிஞ்சட்டும் அக்கா" என்றான். (நிறுவன இரகசியம் எதையும் அவன் எழுதுவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், முதலாளிகள் யாரேனும் பார்க்கலாம்.)

அடுத்த காரணம் ஒரு 'கோபால்'. பெயர்ப்பட்டியலில் கோபால் இருக்கிறார். தேடினால் வரமாட்டேன் என்கிறார். மூன்று இரவுகள் போராடினான். யூனிகோடு முறையில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாமாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேர்க்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒப்பிடும் முன்பு இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றாவிட்டால், கணினிக்கு அவர்கள் இரண்டு வேறு கோபால்கள். இதற்கு அவன் கண்ணில் பட்ட விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். நம் எழுத்தைப் பற்றிய விளக்கமும் ஆங்கிலத்திலா என்று அவனுக்குக் கோபம்.

இந்த அக்கறை நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர். தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டவரும் அவரே. 1999இல் மறைந்தார். நம் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' பலருக்குத் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்தது.

கேட்டால் கணினியே பதில் சொல்லும் காலத்தில் எழுதிவைப்பானேன் என்று சிலர் கேட்கலாம். நானும் கேட்டேன். "பதில் கிடைக்குது. எனக்குப் புரிஞ்சிருக்கான்னு எழுதினாத்தான் தெரியுது" என்றான்.

இப்போது சனிக்கிழமைகளில் அந்தக் குறிப்புகளைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுகிறான். 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி என்றதும் வகுப்பே விரல்விட்டு எண்ணியதாம்: அகரம், மகரம், புள்ளி, மகரம், கால். உடனே ஒரு சிறுமி, "அண்ணா, என் பேரில் 'ஸ்ரீ' வருதே, அது எத்தனை?" என்றாளாம்.

அடுத்த சனிக்கிழமைக்கான பக்கத்தை அதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.