வாலியின் சாம்பலா, ஆனிரையின் சாணமா?



விசயநகரப் பாழிடையே நிம்பாபுரம் என்னுஞ் சிற்றூரில் ஒரு சாம்பல் மேடு உண்டு. இராமன் மறைந்து நின்று கொன்ற வாலியின் உடலை எரித்த சாம்பலே அஃது என்பர் அவ்வூரார். ஆனால், பெல்லாரி, இரெய்ச்சூர் தொட்டுத் தெலுங்கு நாடுவரை இத்தகைய மேடுகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அத்தனை வாலிகள் ஏது?

ஆங்கிலவர் காலத்தில் அவற்றை எரிமலைக் கழிவென்றும், உலைக்கசடென்றும், ஈமத்தீயின் எச்சமென்றும் பலவாறு கூறினர். 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்கருவி கண்டெடுத்தாரே, அந்த இராபர்ட்டு புரூசு பூட்டுதான், அவை மாட்டுப்பட்டிகளில் குவிந்து எரிந்த சாணம் என்று கணித்தார். பின்னாளில் நுண்ணோக்கியாய்வு அதனை மெய்ப்பித்தது. 1957-இல் ஆல்சின் உட்ணூரில் அகழ்ந்தபோது, மரத்தூண் நட்டு வேலிகட்டிய தொழுக்கள் மீண்டும் மீண்டும் எரிந்திருக்கக் கண்டார். எரிந்த படிவுகளின் இடையே மாடுகளின் குளம்புச்சுவடுகள்! நாலாயிரம் ஆண்டுகட்கும் முன்னர் மிதித்தவை.

எரித்தது ஏன்? இங்கேதான் வழக்கு முடியவில்லை. எருவை எரிப்பவனைக் கண்டால் நம் உழவர் நகைப்பர். அம்மக்களோ, பிற்பகுதியிலேனும், கொள்ளும் பயறும் விளைவித்தோர். பருவந்தோறும் எடுத்த தீவிழா என்றார் ஆல்சின். 1990-களில் பூதிகாளில் அகழ்ந்த பத்தய்யா, மேட்டினருகே குடியிருப்பையும் விலங்கறுத்த களத்தையும் கண்டு, நிலைத்த ஊரார் பட்டிச்சாணத்தை ஒருபுறம் குவித்து எரித்தமையே மேடாயிற்று என்றார். தம் இருப்பின் அடையாளமாக வேண்டுமென்றே உயர்த்தினர் என்பாரும் உளர். விழாவென்பதே என் நெஞ்சுக்கு உகந்தது. ஆயினும் உகப்பு சான்றாகாது.

நம்மவர் சிலர் 'அவர்கள் தமிழரே' என்று முழங்கக் கேட்கிறேன். அவர்கள் திரவிட மொழி பேசியிருக்கலாம் என அறிஞர் சிலர் கருதுவது மெய்யே. ஆனால் அம்மேடுகளில் ஓரெழுத்தும் கிடைத்ததில்லை. சாம்பலில் மொழி பதிவதில்லை. குளம்புச்சுவட்டைக் காட்டித் 'தமிழ்மாடு' என்போமாயின், வாலிகதை சொன்னார்க்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

இதற்கிடையே மேடுகள் தேய்ந்துவிட்டன. சாலைக்கென வெட்டினர் சிலர். வயலுக்கு நல்ல எருவென்று வண்டி வண்டியாய் அள்ளினர் பலர். அன்று எரிந்த சாணம் கழனிக்குப் போயிற்று. அகழ்வார் படிக்கவேண்டிய படிவுகளும் அதனொடு போயின.