ரூபாய்க்குப் பத்துப் பைசா



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரிய தத்துவம் ஒன்றும் அன்று. ஒரு ரசீதைப் பற்றிய பேச்சு. அரையாண்டுக்கு ஒருமுறை நகராட்சிக்குச் சொத்து வரி கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறோமே, அந்த ரசீதுதான்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். சிறியதொரு சொந்த வீடு உண்டு. மாலை வேளைகளில் அதன் திண்ணையில் நாலைந்து நண்பர்கள் கூடுவோம். கூடினால் என்ன பேசுவோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பருப்பு விலையில் தொடங்குவோம். எண்ணெய் விலைக்கு வருவோம். கடைசியில் அரசாங்கத்தின் செலவில் வந்து முடிப்போம். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னையில் ஒரு சமையல் எரிவாயு உருளையின் விலை 1,118 ரூபாயைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டு இறுதியில் இருநூறு ரூபாயும், அடுத்த ஆண்டு மார்ச்சில் நூறு ரூபாயும் குறைத்தார்கள். விலை ஏறியபோது திண்ணையில் நடந்த பேச்சு ஒரு மாதம் ஓடியது; இறங்கியபோது நடந்த பேச்சு ஒரு மாலையில் முடிந்துவிட்டது. மனித இயல்பு அப்படி.

2022 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் சொத்து வரியை உயர்த்தினார்கள். கட்டடத்தின் அளவையும் ஊரையும் பொறுத்து 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை உயர்வு. எங்கள் வீட்டுக்கு அரையாண்டுக்கு எண்ணூறு ரூபாயாக இருந்த வரி ஆயிரத்து நானூறு ஆயிற்று. வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. வீட்டுக்காரர் தம் பையிலிருந்தா கொடுப்பார்? அன்று திண்ணையில் நான்தான் உரக்கப் பேசினேன். "இவ்வளவும் வாங்கி என்னதான் செய்கிறார்கள்? எங்கே போகிறது நம் பணம்?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகு, கணக்கு வாத்தியாராயிற்றே, விடை காணாமல் தூக்கம் வரவில்லை. மறுநாள் ரசீதை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வரிக்குள்ளே ஒரு வரி இருந்தது. நூலக வரி: ரூபாய் 140.

சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலகத்துக்கென்று தனியாக வாங்குகிறார்கள். இது நேற்று முளைத்த வரி அன்று. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலம் அது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் எழுந்த முதல் சட்டம் இதுவே. நூலகத்தின் செலவுக்கு எந்த வள்ளலின் தயவையும் எதிர்பாராமல், வீடு உடையவர் ஒவ்வொருவரும் சிறு பங்கு கொடுக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. தொடக்கத்தில் குறைவாக இருந்த விகிதம் பிற்காலத்தில் பத்துப் பைசாவாக உயர்ந்தது.

இச்சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த இரங்கநாதன். அவரும் கணக்கு ஆசிரியராக இருந்தவரே என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். நூலைப் பூட்டிக் காப்பதைவிட அதை வாசகர் கையில் சேர்ப்பதே நூலகத்தின் வேலை என்பது அவற்றுள் தலையாயது. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றார்கள். வாசகன் வரவில்லையென்றால் நூல் அவனைத் தேடிப் போக வேண்டும் என்று நம்பிய காலம் அது.

இனி என் கணக்குக்கு வருகிறேன். பெட்டியிலிருந்த பழைய ரசீதுகளையெல்லாம் எடுத்து அடுக்கினேன். இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள். அரையாண்டுக்கு ஐம்பது ரூபாயாகச் சில காலம், எண்பது ரூபாயாகச் சில காலம், இப்போது நூற்று நாற்பது. எல்லாவற்றையும் கூட்டினால் 4,040 ரூபாய். இவ்வளவு தொகையை நூலகத்துக்கு நான் கொடுத்திருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிளை நூலகத்துக்குள் இந்த இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனை முறை போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருமுறைகூடப் போனதில்லை. பேருந்துக்குக் காத்திருக்கையில் மழை வந்தபோது அதன் வாசலில் ஒதுங்கியதுண்டு, அவ்வளவே.

அந்தச் சமயத்தில் என் பேத்தி அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலை என்னிடம் காட்டினாள். மொத்தம் மூவாயிரத்து இருநூறு ரூபாய். "இந்த விலைக்கு விற்றால் ஏழைப் பிள்ளைகள் எப்படிப் படிப்பது?" என்று சீறினேன். அவள் அமைதியாக, "நூலகத்தில் இருக்குமோ என்னவோ, தாத்தா" என்றாள். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அரசாங்கப் பணம் எப்படி வீணாகிறது என்று பார்த்துவரும் எண்ணத்தோடு, ஏதோ தணிக்கை அதிகாரி போல, மறுநாள் அங்கே போனேன்.

போனதும் குறைகள் கண்ணில் பட்டன. கூரையின் ஒரு மூலை ஒழுகி, சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. நான்கு மின்விசிறிகளில் இரண்டு சுழன்றன. நூலகர் ஓர் அம்மையார். அவரே பதிவேடு எழுதுகிறார், அவரே நூல்களை அடுக்குகிறார், அவரே பெருக்குகிறார். செய்தித்தாள் மேசையில் என் வயதினர் மூவர். ஓரத்தில் ஐந்தாறு இளைஞர்கள், தாங்கள் கொண்டுவந்த நூல்களைத் தாங்களே படித்துக்கொண்டிருந்தார்கள். நூல் அடுக்குகளுக்கு நடுவில் ஒருவருமில்லை.

ஓர் அடுக்கிலிருந்து கணித வரலாற்று நூல் ஒன்றை எடுத்தேன். நல்ல நூல், நான் பணியிலிருந்த காலத்தில் தேடியும் கிடைக்காதது. பின்னட்டையில் தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது. எடுத்துச் சென்றவர் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடும் சீட்டு அது. கடைசி முத்திரை 2011-ஆம் ஆண்டுக்குரியது. பதினான்கு ஆண்டுகளாக அந்த நூலை ஒருவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. நான் தேடிய நாளெல்லாம் அது எனக்காக இரண்டு தெரு தள்ளிக் காத்திருந்திருக்கிறது.

அம்மையாரிடம் பேச்சுக் கொடுத்தேன். "என்னம்மா, இவ்வளவு நூல்கள் கிடக்கின்றன, எடுப்பார் இல்லையே?" என்றேன்.

அவர் சொன்னார்: "ஐயா, கேட்பவர் குறைந்தால் புதிய நூல்கள் வருவது குறைகிறது. புதிய நூல்கள் வராவிட்டால் கேட்பவர் இன்னும் குறைந்துவிடுகிறார்கள். எதை முதலில் சரி செய்வது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெண் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள், ஐயா. இங்கே கழிப்பிடம் இல்லை. எட்டு மணிக்கு வந்தால் பத்து மணிக்குள் எழுந்து போய்விடுகிறார்கள். என் பாடும் அதுதான்" என்றார்.

நேயர்களே, அரசின் செலவைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசியவன் நான். ஒரு கழிப்பிடம் இல்லாததனால் ஓர் ஊரின் பெண்களுக்கு நூலகமே இல்லாமற் போகிறது என்பது எனக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், நான் உள்ளே போகவில்லை என்பதுதான். பயன்படுத்தாதவன் போடும் கூச்சலில் விவரம் இருப்பதில்லை. விவரமில்லாத கூச்சலுக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சொல்வதால் அரசாங்கத்தின் மீது தவறில்லை என்று நான் வாதாடுவதாக எண்ணிவிடாதீர்கள். நூலக வரியை நகராட்சி நம்மிடமிருந்து வாங்கி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். இது சட்டம். வாங்கிய தொகையை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் செலுத்துவதில்லை என்ற குறை நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணம் அந்தக் காரியத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அதை நிருவாகத் தாமதம் என்று மென்மையாகச் சொல்லலாம். என் பள்ளிக் கணக்கில் அதற்குப் பெயர் வேறு. பெரிய கட்டடங்கள் எழாமலில்லை. கோட்டூர்புரத்தில் நூற்றெழுபது கோடிக்கும் மேலான செலவில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதை மருத்துவமனையாக மாற்றுவதாக அறிவித்து, வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று, நூலகம் பிழைத்தது. மதுரையில் 2023 ஜூலை 15-ஆம் நாள் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் நாலாயிரத்துக்கும் மேல். அவற்றில் பலவற்றுக்கு வேண்டியது பளிங்குத் தரையா? ஒழுகாத கூரையும் ஒரு கழிப்பிடமும் போதும்.

நூலகத்துக்கு மட்டும் உரிய கதையா இது? என் திண்ணை நண்பர் ஒருவர் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை மொத்தமாக வாங்கி வழங்குவதற்கென்றே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அந்த ஏற்பாட்டை இந்தியாவின் பிற மாநிலங்களும் வந்து பார்த்துப் பின்பற்றின. நண்பரின் வீட்டிலிருந்து ஆரம்பச் சுகாதார நிலையம் கூப்பிடு தூரம். "அங்கே ஏழைகள் போவார்கள், நாம் போனால் நன்றாயிருக்குமா?" என்றார். வருமான வரியும் கட்டுகிறார், கடையில் வாங்கும் பொருளுக்கெல்லாம் வரியும் கட்டுகிறார், மருந்துக்கு மறுபடியும் பணம் கட்டுகிறார். ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கொடுப்பவரை நாம் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை; ஆனால் இதில் மட்டும் அதைக் கௌரவம் என்கிறோம். என் வற்புறுத்தலின் பேரில் ஒருநாள் போனார். மருத்துவர் பார்த்து, அங்கிருந்த மாத்திரைகளைக் கொடுத்தார். ஒன்று இருப்பில் இல்லை. அதை மட்டும் வெளியே வாங்கினார். அந்த மாதம் எண்ணூறு ரூபாய் மிஞ்சிற்று. இருப்பில் இல்லாத அந்த ஒன்றைப் பற்றி அவர் இப்போது விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் கேட்க அவருக்குத் தெரியாது.

இனி எங்கள் நூலகத்தின் கதையை முடிக்கிறேன். அன்றே என் பெயரையும் பேத்தியின் பெயரையும் உறுப்பினராகப் பதிந்தேன். அதற்கான தொகை ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்கு எட்டவில்லை. திண்ணை நண்பர்களையும் ஒவ்வொருவராக இழுத்து வந்தேன். வாசகர் வட்டம் ஒன்று அமைத்தோம். பிறகு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி ஒரு விண்ணப்பம் எழுதினேன். எங்கள் ஊரில் சென்ற மூன்று ஆண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு என்ற இரண்டே கேள்விகள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்; இருபத்தெட்டாம் நாள் வந்தது. இரண்டு தொகைகளும் ஒன்றாக இல்லை. அந்தத் தாளின் படியை இணைத்து, கழிப்பிடம் வேண்டுமென்று மனு எழுதினோம். அறுபத்திரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பத்தொன்பது பேர் பெண்கள். நூலகர் அம்மையார் கையெழுத்திடக் கூடாது. ஆனால் மனுவை எழுத நல்ல மேசையொன்றைத் துடைத்துக் கொடுத்தார்.

கழிப்பிடம் வந்துவிட்டது. பதினோரு மாதங்கள் ஆயின. கூரை இன்னும் ஒழுகுகிறது. அதற்கும் மனு போயிருக்கிறது. பேத்தி கேட்ட நூல்களில் பாதி நூலகத்தில் இருந்தன, மீதியை வாங்கினோம். செலவு ஆயிரத்து ஐந்நூறு. தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கிறாள். வெற்றியோ தோல்வியோ, காலை எட்டு மணிக்குப் போனால் இப்போது மதியம் வரை அங்கேயே இருக்கிறாள். அவளோடு வேறு பெண்களும் இருக்கிறார்கள்.

விலைவாசி இறங்கிவிடும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அது என் கையில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. ஆனால் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டுக் கேட்டு வாங்காமல் விட்டுவைத்திருக்கும் பொருள்கள் நம் ஒவ்வொருவர் ஊரிலும் இருக்கின்றன. கிராமத்தில் இருப்பவர்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் நடக்கும் கிராம சபைக்குப் போகலாம். ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்படுகிறது. நகரத்தில் இருப்பவர்கள், இன்றிரவு படுக்கப் போகுமுன் உங்கள் வரி ரசீதை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா கொடுத்திருக்கிறீர்கள். நாளைக்கு அங்கே போய், உங்களுக்கு உரியதைக் கேளுங்கள். நாளை வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் நூலகத்துக்கு அன்று விடுமுறை.